பாக்சாம்ப்: நேரலை அரட்டையில் ஒரு முகத்தின் பொருளும் பயன்பாடும்

பாக்சாம்ப் என்பது ட்விட்ச் நேரலைத் தளத்தின் அரட்டையில் வியப்பையும் உற்சாகத்தையும் வெளிப்படுத்தப் பயன்படும் ஓர் இமோட் ஆகும். வாயைப் பெரிதாகத் திறந்து, நம்ப முடியாததைப் பார்த்தவர்போல் முகம் மலர்ந்த ஓர் இளைஞரின் சிறு படமாக இது 2012-ல் அந்தத் தளத்தில் அறிமுகமானது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ட்விட்சில் மிக அதிகமாக அறியப்பட்ட முகங்களில் ஒன்றாக இருந்தது. 2021 ஜனவரி 6 அன்று அந்த முகத்தை ட்விட்ச் நீக்கியது. ஆனால் ‘பாக்சாம்ப்’ என்ற சொல்லை நீக்கவில்லை. அதே ஆண்டு பிப்ரவரி முதல், அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தால் வாயைப் பிளந்து நிற்கும் கொமோடோ டிராகன் எனப்படும் பெரிய உடும்பின் படம் தோன்றுகிறது.

முகம் மாறிய பிறகும் பொருள் மாறாமல் நின்றது என்பதே இந்த இமோட்டின் வரலாற்றைக் கவனத்துக்குரியதாக ஆக்குகிறது. ஒரு குறியின் பொருளை உருவாக்குவது யார், அதில் உள்ள முகத்துக்கு உரியவரின் சொல்லும் செயலும் அந்தப் பொருளை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்ற கேள்விகளுக்கு இது ஒரு நேரடி எடுத்துக்காட்டு.

இமோட் என்றால் என்ன?

கைப்பேசியில் பயன்படும் இமோஜியும் நேரலை அரட்டையில் பயன்படும் இமோட்டும் ஒன்றல்ல. இமோஜி யூனிகோடு என்னும் பொதுத் தரத்தில் இடம்பெற்ற எழுத்துக்குறி. அதை எந்த நிறுவனத்தின் கருவியிலிருந்து அனுப்பினாலும் மறுமுனையில் அதே பொருளுள்ள படம் தோன்றும். இமோட் அப்படிப்பட்டதல்ல. அது ஒரு தளத்துக்கு மட்டுமே சொந்தமான சிறு படம். பயனர் ஒரு குறிப்பிட்ட ஆங்கிலச் சொல்லை, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பிசகாமல், இருபுறமும் இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்வார். அரட்டை மென்பொருள் அந்தச் சொல்லை அடையாளம் கண்டு, அதன் இடத்தில் படத்தைக் காட்டும். ட்விட்ச் அரட்டையில் தோன்றும் மிகச் சிறிய அளவிலான இமோட் 28 பிக்சல் அகலமும் 28 பிக்சல் உயரமும் கொண்டது.

இந்த அமைப்பினால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, பயனர் அனுப்புவது உண்மையில் ஒரு சொல். படம் அதன் மேல் போர்த்தப்பட்ட உடை மட்டுமே. எனவே ஒரு நேரலையாளர் தமது அரட்டையில் ஒரு சொல்லைத் தடுப்பதுபோலவே ஓர் இமோட்டையும் தடுக்க முடியும். இரண்டாவது, படத்தை மாற்றும் அதிகாரம் தளத்தின் கையில் இருக்கிறது. பல ஆண்டுகள் கோடிக்கணக்கான முறை பயன்பட்ட படமானாலும், நிறுவனம் முடிவெடுத்தால் ஒரே நாளில் மறைந்துவிடும்.

ட்விட்சின் இமோட் மரபு அதன் தாய்த்தளமான ஜஸ்டின் டிவியில் தொடங்கியது. ஜஸ்டின் டிவி 2007-ல் தொடங்கப்பட்டது. அதன் விளையாட்டுப் பிரிவு 2011-ல் ட்விட்ச் என்ற தனித் தளமானது. 2014-ல் அமேசான் நிறுவனம் ட்விட்சை வாங்கியது. ஜஸ்டின் டிவியின் அரட்டை மென்பொருளில் பணியாற்றிய ஜோஷ் டெசெனோ என்ற ஊழியர், தமது அலுவலக அடையாள அட்டையிலிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தை இமோட்டாகச் சேர்த்தார். ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் நீர்வாழ் குறும்புப் பிறவியின் பெயரான ‘கப்பா’வை அதற்குச் சூட்டினார். மெல்லிய புன்னகையுடன் இருக்கும் அந்த முகம் நாளடைவில் ‘இதைக் கிண்டலாகச் சொல்கிறேன்’ என்பதற்கான குறியாயிற்று. தெரிந்த ஒருவரின் முகம், விளையாட்டாக வைத்த பெயர், பயன்பாட்டில் உருவான பொருள் என்ற இந்த வரிசையையே பாக்சாம்பும் பின்பற்றியது.

பெயர்க்காரணம்

‘பாக்’ என்ற சொல்லின் பயணம் ஹவாய்த் தீவுகளில் தொடங்குகிறது. 1971-ல் மாவி தீவிலிருந்த ஹலேயகலா பால்பண்ணையில் பேஷன் பழம், ஆரஞ்சு, கொய்யா ஆகிய மூன்றின் சாறுகளையும் கலந்து ஒரு பானம் உருவாக்கப்பட்டது. அந்த மூன்று பழங்களின் ஆங்கிலப் பெயர்களிலுள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்தால் கிடைப்பது ‘பாக்’.

பால் புட்டிகளின் வாயை மூடப் பயன்பட்ட வட்டமான அட்டை மூடிகளை அடுக்கி விளையாடும் விளையாட்டு ஹவாயில் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வழக்கில் இருந்தது. அடுக்கிய மூடிகளின் மேல் கனமான ஒரு வில்லையை ஓங்கி அடிக்க வேண்டும். கவிழ்ந்து புரளும் மூடிகள் அடித்தவருக்குச் சொந்தம். 1991-ல் ஓவாஹு தீவின் ஆசிரியை பிளாசம் கல்பிசோ இந்த விளையாட்டைத் தம் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அங்கிருந்து அது மீண்டும் பரவியது. பாக் பானத்தின் மூடிகளும் இதில் பயன்பட்டதால் விளையாட்டுக்கே ‘பாக்ஸ்’ என்ற பெயர் நிலைத்தது. 1990-களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பள்ளிச் சிறுவர்களிடையே இது பெரும் மோகமாக இருந்தது. தோற்றவரின் மூடிகளை வென்றவர் எடுத்துக்கொள்வது சூதாட்டம் போன்றது எனக் கருதிப் பல பள்ளிகள் இதற்குத் தடை விதித்தன. சில ஆண்டுகளில் மோகம் தணிந்தது.

2011-ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ சண்டை விளையாட்டு ரசிகர்களுக்காக எடுக்கப்பட்ட ஒரு விளம்பரக் காணொளியில், சிறுவயது நினைவைக் கிளறும் நகைச்சுவையாக ஒரு ‘பாக்ஸ் சாம்பியன்ஷிப்’ போட்டி நடத்திக் காட்டப்பட்டது. வெற்றி பெறுபவருக்குப் பரிசு, விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி. அந்தப் போட்டியின் பெயரைச் சுருக்கியே ‘பாக்சாம்ப்’ என்ற பெயர் வந்தது.

முகத்தின் தோற்றம்

இமோட்டில் இருந்த முகம் ரயன் குட்டியெரெஸ் என்பவருடையது. ‘கூடெக்ஸ்’ என்ற புனைபெயரில் அறியப்பட்ட இவர் அமெரிக்க ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டக்காரர். மைக் ராஸ் என்ற மற்றோர் ஆட்டக்காரருடன் சேர்ந்து ‘கிராஸ் கவுண்டர் டிவி’ என்ற யூடியூப் நிகழ்ச்சியை நடத்தி வந்தார். படப்பிடிப்பின்போது நேர்ந்த தவறுகளையும் சிரிப்புகளையும் தொகுத்து 2010-ல் வெளியிடப்பட்ட ஒரு காணொளியில், அவர் திடுக்கிட்டு வாய்பிளக்கும் ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தை வெட்டியெடுத்து உருவாக்கியதே பாக்சாம்ப் இமோட்.

அந்த முகபாவம் எந்த வெற்றியையும் பார்த்து எழுந்ததன்று. படப்பிடிப்புத் தளத்தில் நடந்த ஒரு சிறு குழப்பத்துக்கான எதிர்வினை. சண்டை விளையாட்டு வட்டத்தைத் தாண்டிப் பரவியபோது, பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த முகம் யாருடையது என்பதே தெரியாது. தெரியாமலேயே அதன் பொருள் அவர்களுக்குப் புரிந்தது.

பொருளும் பயன்பாடும்

பெரிய நேரலைகளில் பல்லாயிரம் பேர் ஒரே அரட்டையில் எழுதுகிறார்கள். வரிகள் மின்னல் வேகத்தில் மேலேறி மறைகின்றன. அங்கே ஒருவர் எழுதும் நீண்ட வாக்கியத்தை இன்னொருவர் படித்து முடிப்பது அரிது. ஆனால் ஒரே படத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பினால் திரை முழுவதும் அந்தப் படமே நிறையும். அதைப் படிக்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். திரையரங்கில் நாயகன் அறிமுகமாகும்போது எழும் விசிலில் எது யாருடைய விசில் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த ஒலியின் அளவே செய்தி. கூட்ட அரட்டையில் இமோட் செய்யும் வேலையும் அதுவே.

பாக்சாம்பின் பயன்பாட்டை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. உண்மையான வியப்பு. தோற்கும் நிலையில் இருந்த ஆட்டக்காரர் கடைசி நொடியில் வெல்லும்போதும், ஒரு விளையாட்டை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கும் சாதனை முறியடிக்கப்படும்போதும், எதிர்பாராத அறிவிப்பு வெளியாகும்போதும் அரட்டை முழுவதும் பாக்சாம்ப் பாயும். விரைவாட்டத்தின் மூலம் அறக்கொடை திரட்டும் ‘கேம்ஸ் டன் குவிக்’ நிகழ்ச்சிகளில் கடினமான ஓர் உத்தி பலிக்கும் கணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

2. கிண்டல். நேரலையாளர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தால், அல்லது மிக எளிய ஒரு கட்டத்தை வெகுநேரம் போராடித் தாண்டினால், பார்வையாளர்கள் பாக்சாம்பை வரிசையாக அனுப்புவது உண்டு. படம் மாறவில்லை, இடம் மாறியதால் பொருள் தலைகீழாகிறது. ‘நல்ல ஆட்டம்’ என்ற வரிக்குப் பின் பாக்சாம்ப் வந்தால் பாராட்டு. கப்பா வந்தால் நையாண்டி. வாய்மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் செய்யும் வேலையை எழுத்தில் இமோட்டுகள் செய்கின்றன.

3. சொல்லாகப் பயன்படுத்துதல். காலப்போக்கில் ‘பாக்’ என்ற பகுதி தனியே பிரிந்து, படமே இல்லாத இடங்களிலும் வழங்கலாயிற்று. இளைய ஆங்கிலப் பேச்சில் அது சில சமயம் ‘அடேங்கப்பா’ என்பதுபோல் வியப்பிடைச் சொல்லாகவும், சில சமயம் ‘அருமையான’ என்ற பொருளில் பெயரடையாகவும் வருகிறது. பழச்சாற்றின் பெயராகப் பிறந்த முதலெழுத்துச் சேர்க்கை ஒன்று, விளையாட்டின் பெயராகி, படத்தின் பெயராகி, இறுதியில் உணர்ச்சியின் பெயரானது.

கிளை வடிவங்கள்

ட்விட்ச் வழங்கும் இமோட்டுகளுடன், பெட்டர் டிடிவி, பிராங்கர் ஃபேஸ் ஸீ, செவன் டிவி போன்ற உலாவி நீட்சிகள் வழங்கும் இமோட்டுகளும் உண்டு. இவற்றை நிறுவியவர்களுக்கு மட்டுமே படம் தெரியும்; மற்றவர்கள் வெறும் சொல்லையே காண்பர். பாக்சாம்பின் பல கிளைகள் இந்த நீட்சிகளில்தான் தழைத்தன.

‘பாக்கர்ஸ்’ என்பதில் அதே வியப்பு, பெப்பே என்னும் பச்சைத் தவளையின் முகத்தில் வரையப்பட்டிருக்கும். ‘பாக்யூ’ என்பது குட்டியெரெஸின் முகத்தையே நெருக்கமாக வெட்டிய வடிவம். ‘வியர்ட்சாம்ப்’ என்பதில் இருப்பவர் அவரது நிகழ்ச்சித் துணைவர் மைக் ராஸ். அது ஏமாற்றத்தையும் ‘இப்படிச் செய்யலாமா?’ என்ற முகச்சுளிப்பையும் குறிக்கும்.

பெப்பே தவளைக்கும் ஒரு சிக்கலான வரலாறு உண்டு. ஓவியர் மேட் ஃபியூரி 2005-ல் தம் சித்திரக்கதையில் உருவாக்கிய அந்தப் பாத்திரத்தை வெள்ளை இனவாதக் குழுக்கள் கையில் எடுத்தன. அதனால் 2016-ல் அவதூறு எதிர்ப்புச் சங்கம் என்ற அமெரிக்க அமைப்பு அதை வெறுப்புக் குறிகளின் பட்டியலில் சேர்த்தது. பெப்பேயின் பெரும்பாலான பயன்பாடுகள் வெறுப்பு சார்ந்தவை அல்ல என்பதையும் அந்த அமைப்பு சேர்த்தே குறிப்பிட்டது. ட்விட்ச் அரட்டையில் பெப்பே வடிவங்கள் பெரும்பாலும் வியப்பு, அழுகை, சலிப்பு போன்ற அன்றாட உணர்ச்சிகளுக்கே பயன்படுகின்றன.

2021-ல் நீக்கம்

2021 ஜனவரி 6 அன்று, அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவை நாடாளுமன்றம் உறுதிசெய்துகொண்டிருந்தபோது, டொனால்ட் டிரம்பின் ஆதரவாளர்கள் வாஷிங்டனிலுள்ள நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தனர். உள்ளே நுழைய முயன்ற பெண் ஒருவர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பெண்ணுக்காகக் கிளர்ச்சி எழுமா என்று கேட்கும் வகையில் குட்டியெரெஸ் ட்விட்டரில் எழுதினார். இது மேலும் வன்முறையைத் தூண்டுவதாகும் என்று கூறி, அன்றே அவரது முகம் கொண்ட இமோட்டை ட்விட்ச் நீக்கியது.

ட்விட்சின் அறிவிப்பில் இரண்டு கருத்துகள் இருந்தன. ஒன்று, மனசாட்சிப்படி அந்தப் படத்தைத் தொடர்ந்து வழங்க முடியாது. மற்றொன்று, ‘பாக்’ என்பதன் பொருள் படத்தையும் படத்தில் இருப்பவரையும்விடப் பெரியது. எனவே அந்த உணர்வும் பயன்பாடும் தொடர வேண்டும். தனிமனிதரையும் குறியின் பொருளையும் ஒரு நிறுவனம் இவ்வாறு வெளிப்படையாகப் பிரித்துப் பேசியது அரிய நிகழ்வு.

அந்த வாரத்தில் விரைவாட்ட அறக்கொடை நிகழ்ச்சியான ‘ஆசம் கேம்ஸ் டன் குவிக்’கும் இணையவழியில் நடந்துகொண்டிருந்தது. ஆண்டின் மிகப் பெரிய வியப்புத் தருணங்கள் நிகழும் நாள்களில், வியப்புக்கான முகம் காணாமற்போனது.

பார்வையாளர்களின் எதிர்வினை ஒருபோல் இல்லை. நீக்கியது சரி என்றவர்கள், வன்முறைக்கு இடம்கொடுப்பவரின் முகத்தைப் பெருமகிழ்ச்சியின் அடையாளமாக வைத்திருக்க முடியாது என்றனர். எதிர்த்தவர்கள், அந்த முகத்தை அனுப்பும்போது யாரும் அவரது அரசியலை நினைப்பதே இல்லை என்றனர். இரு தரப்பும் ஒரே உண்மையிலிருந்துதான் தொடங்கின: முகத்துக்கு உரியவரிடமிருந்து பொருள் எப்போதோ பிரிந்துவிட்டது. அப்படியானால் முகத்தை மாற்றலாம் என்றது ஒரு தரப்பு. அப்படியானால் மாற்றத் தேவையில்லை என்றது மற்றொன்று.

நாளுக்கொரு முகம்

ஜனவரி 8 முதல் ட்விட்ச் ஒரு புதிய முறையைத் தொடங்கியது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வெவ்வேறு நேரலையாளரின் முகம் பாக்சாம்பாக வைக்கப்பட்டது. ஒவ்வொருவரும் அதே வாய்பிளந்த வியப்பைத் தம் முகத்தில் காட்டினர். ஒரே சொல்லுக்குப் பல முகங்கள் பொருந்துகின்றன என்பதை இது நிரூபித்தது.

ஆனால் பல்லாயிரம் பேர் பயன்படுத்தும் இடத்தில் ஒருவரின் முகத்தை வைப்பதன் ஆபத்தையும் இதே முறை காட்டியது. முதல் சில நாள்களுக்குள்ளேயே முகம் இடம்பெற்றவர்களில் ஒருவர் கிரிட்டிக்கல் பார்ட் என்ற கறுப்பின நேரலையாளர். அவருக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டிய நாளில் இனவெறி வசவுகள் அவரை நோக்கிக் குவிந்தன. முகத்துக்கு உரியவரால் சமூகத்துக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சி ஒரு முகம் நீக்கப்பட்ட சில நாள்களில், சமூகத்தால் முகத்துக்கு உரியவருக்குத் தீங்கு நேர்ந்தது.

பிப்ரவரியில் ட்விட்ச் பயனர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. அதில் வென்ற ‘கொமோடோஹைப்’ என்ற உடும்புப் படம் 2021 பிப்ரவரி 12 அன்று நிலையான பாக்சாம்ப் ஆனது. உடும்பு ட்விட்டரில் எழுதாது. அதை இனத்தின் பெயரால் யாரும் இழிவுபடுத்தவும் முடியாது. ஆயினும் முந்தைய முகத்துக்குப் பழகியவர்கள் பலர் நீட்சிகளிலுள்ள கிளை வடிவங்களுக்கு மாறினர். வேறு பலர் படத்தையே விட்டுவிட்டு ‘பாக்’ என்ற சொல்லை மட்டும் எழுதத் தொடங்கினர்.

ஒப்பிடத்தக்க பிற இமோட்டுகள்

உண்மையான மனிதரின் முகம் இமோட்டாகும்போது நேரக்கூடியவற்றை வேறு இரண்டு எடுத்துக்காட்டுகள் விளக்குகின்றன.

‘லல்’ என்ற சிரிப்பு இமோட்டில் இருப்பவர் ‘டோட்டல் பிஸ்கட்’ என்ற பெயரில் புகழ்பெற்ற பிரித்தானிய விளையாட்டு விமர்சகர் ஜான் பெயின். அவர் 2018 மே மாதம் புற்றுநோயால் 33 வயதில் காலமானார். இன்றும் அரட்டைகளில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவரை அறிந்தவர்களுக்கு அது நினைவுச்சின்னம். அறியாதவர்களுக்கு வெறும் சிரிப்பு.

‘டிரைஹார்ட்’ என்ற இமோட்டில் இருப்பவர் ‘டிரைஹெக்ஸ்’ எனப்படும் கறுப்பின விரைவாட்டக்காரர் மைக்கல் ஜெஃபர்சன். அவரது உற்சாகமான முகம் தீவிர முயற்சியையும் ஆர்வத்தையும் குறிக்கவே சேர்க்கப்பட்டது. ஆனால் திரையில் கறுப்பினத்தவர் யார் தோன்றினாலும் அதை அனுப்பும் வழக்கம் ஒரு பகுதியினரிடையே உருவாயிற்று. 2016 மே மாதம் ஆஸ்டின் நகரில் நடந்த டிரீம்ஹேக் ‘ஹார்த்ஸ்டோன்’ போட்டியில் இரண்டாமிடம் பெற்ற கறுப்பின ஆட்டக்காரர் டெரன்ஸ் மில்லர் விளையாடியபோது, நேரலை அரட்டை இனவெறிச் செய்திகளால் நிரம்பியது. அரட்டையைக் கண்காணித்தவர்களால் அதைக் கட்டுப்படுத்த இயலவில்லை. 2018-ல் ஓவர்வாட்ச் லீக், ஆட்டக்காரர் ஒருவருக்கு 4,000 டாலர் அபராதமும் 4 ஆட்டங்களுக்குத் தடையும் விதித்தது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, ஓர் இமோட்டை இனத்தை இழிவுபடுத்தும் வகையில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. அது இனவெறியா, வழக்கமான பயன்பாடா என்ற வாதம் ரசிகர்களிடையே நெடுநாள் நீடித்தது. ஒரே படம் இரண்டையும் குறிக்க முடிந்ததே அந்த வாதத்துக்கு இடமளித்தது.

மதிப்பீடு

பாக்சாம்ப், லல், டிரைஹார்ட் ஆகிய மூன்றிலும் பொருளை முடிவுசெய்தவர்கள் பயன்படுத்தியவர்களே. படத்தில் இருந்தவர்களோ, படத்தைச் சேர்த்த நிறுவனமோ அதைத் திட்டமிடவில்லை. இந்த வகையில் இமோட் மொழியின் பிற சொற்களைப் போன்றதே. வேறுபாடு என்னவெனில், ஒரு சொல்லுக்குள் உயிருள்ள மனிதர் இருப்பதில்லை. இமோட்டுக்குள் பெரும்பாலும் ஒருவர் இருக்கிறார். அவர் பேசுவார், கருத்துச் சொல்வார், புண்படுவார், இறந்தும் போவார்.

எனவே ஓர் இமோட்டைப் புரிந்துகொள்ள அதன் அகராதிப் பொருள் மட்டும் போதாது. அது எந்த நேரத்தில், திரையில் யார் இருக்கும்போது, யாரை நோக்கி அனுப்பப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வென்ற ஆட்டக்காரருக்கு அனுப்பிய பாக்சாம்ப் கைதட்டல். தண்ணீர் குடித்தவருக்கு அனுப்பியது கேலி. ஒருவரின் நிறத்தைப் பார்த்து அனுப்பிய டிரைஹார்ட் வசவு. மூன்றிலும் பயனர் செய்தது ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தது மட்டுமே.